கும்பகோணம் வெற்றிலை: பெயர் ஊருக்கு, உரிமை யாருக்கு?

2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு (ஓர் ஊர்ப் பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு) கிடைத்த செய்தி வந்தபோது, காவிரிக் கரைக் கொடிக்கால்களில், அதாவது வெற்றிலைத் தோட்டங்களில், மகிழ்ச்சியோடு சில கேள்விகளும் எழுந்தன. இனி வேறு மாவட்டத்துக்காரர் இந்தக் கொடியை நடக் கூடாதா? சென்னையில் ‘கும்பகோணம் வெற்றிலை’ என்று சொல்லி விற்கிறவர் மேல் வழக்குப் போடலாமா? கவுளிக்கு (வெற்றிலைக் கட்டுக்கு) விலை கூடுமா?

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக நடலாம். இரண்டாவது கேள்விக்கான பதில், அவர் அந்த வெற்றிலையை எங்கே வாங்கினார் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது. பதிவுக்குப் பிறகு விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தக் கடைசி விஷயம்தான். அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

காப்புரிமை என்ற ஒரே சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் பேடண்ட்டையும் காப்புரிமை என்கிறோம், காபிரைட்டையும் காப்புரிமை என்கிறோம். போதாக்குறைக்கு, ‘வெற்றிலைக்குக் காப்புரிமை’ என்று புவிசார் குறியீட்டுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் இவை தனித்தனி உரிமைகள். இந்தக் கட்டுரையில் சொற்களை இப்படிப் பிரித்துக்கொள்வோம்:

1. காப்புரிமை (பேடண்ட்). புதிய கண்டுபிடிப்புக்குத் தருவது, 20 ஆண்டுகளுக்கு. பரம்பரையாகத் தெரிந்த அறிவுக்கும், செடி கொடி விதைகளுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு இதை மறுக்கிறது. ஆகவே வெற்றிலைக் கொடிக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல் சான்றுகளைக் காட்டி எதிர்த்த பிறகு 1997-ல் அது ரத்தானது.

2. பதிப்புரிமை (காபிரைட்). எழுத்து, இசை, ஓவியம் போன்ற படைப்புகளுக்கு. படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும்.

3. வணிக முத்திரை (டிரேட்மார்க்). ஒரு வியாபாரியின் அடையாளம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். விற்கலாம், வாடகைக்கு விடலாம்.

4. புவிசார் குறியீடு. ஓர் ஊரின் பெயரும் அந்த ஊர்ப் பொருளின் தரமும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கும்போது அந்தப் பெயருக்குத் தரும் பாதுகாப்பு. இதுவும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆனால் இதை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் போட்டு இன்னொருவருக்குக் கொடுக்கவோ முடியாது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-வது பிரிவு தடுக்கிறது.

அந்த 24-வது பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். திருபுவனம் பட்டு என்ற பெயரை எவ்வளவு பெரிய நிறுவனம் பணத்தோடு வந்தாலும் விலைக்கு வாங்க முடியாது. அந்தப் பெயர் ஊரை விட்டுப் போகாது.

மண்ணும் கையும் சேர்ந்த பெயர்

இதற்கான சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அதன் பிறகு டெல்டாவிலிருந்து வரிசையாகப் பதிவுகள் வந்தன. தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர்க் கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, சுவாமிமலைச் செப்புத் திருமேனிகள், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, 2013-ல் தஞ்சாவூர் வீணை, 2019-ல் திருபுவனம் பட்டு, பிறகு தஞ்சாவூர் நெட்டி வேலை, கருப்பூர் கலம்காரி, 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், 2025-ல் வெற்றிலை. இவ்வளவு சின்ன நிலப்பரப்பில் இத்தனை பெயர்கள்!

சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: பொருளின் தரமோ, புகழோ, வேறொரு தனித்தன்மையோ அந்த இடத்தால் வந்தது என்று காட்ட வேண்டும். மூன்றும் வேண்டியதில்லை, ஒன்று இருந்தாலும் போதும்.

சுவாமிமலையைப் பாருங்கள். ஸ்தபதி (சிலை வார்ப்பவர்) முதலில் மெழுகில் சிலை செய்கிறார். அதன் மேல் காவிரியின் நயமான வண்டல் மண்ணைப் பூசுகிறார். அந்த மண் மெழுகின் நகக்கண் அளவு நுணுக்கத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும், அந்தக் கூட்டுக்குள் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்துவிடுவதால் ஒரே வார்ப்பில் இரண்டாவது சிலை கிடையாது. 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும் சுவாமிமலை ஸ்தபதிகளின் கைவேலைதான். இங்கே இடத்தின் பங்கு இரண்டு: ஆற்று மண், தலைமுறைகளாக வந்த கை. இரண்டையும் சேர்த்துத்தான் சட்டம் ‘இடத்தால் வந்த தன்மை’ என்கிறது.

அப்படியானால் மூலப்பொருள் வெளியூரிலிருந்து வந்தால்? திருபுவனத்துக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வீணைக்குப் பலா மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. இதைக் காட்டி ‘அப்புறம் எப்படி இது உங்கள் ஊர்ப் பொருள்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. விளைபொருள் என்றால் அந்த இடத்தில் விளைந்திருக்க வேண்டும். செய்பொருள் என்றால் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒரு வேலை அந்த எல்லைக்குள் நடந்தால் போதும். தறி திருபுவனத்தில் ஓடுகிறது, வீணையின் குடத்தைத் தஞ்சாவூரில் குடைகிறார்கள். அது போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சுவாமிமலையில் பிறந்து அங்கேயே தொழில் கற்ற ஒரு ஸ்தபதி, மாமல்லபுரத்தில் பட்டறை போட்டு அதே முறையில் சிலை வார்த்தால், அதைச் ‘சுவாமிமலைத் திருமேனி’ என்று விற்க முடியாது. கை அதே கைதான், ஆனால் வேலை எதுவும் எல்லைக்குள் நடக்கவில்லை. கொஞ்சம் வருத்தமான விளைவுதான். ஆனாலும் இந்தக் கண்டிப்பு தளர்ந்தால் பெயரே கரைந்துவிடும்.

வழக்கறிஞர் என்ன செய்கிறார்?

புவிசார் குறியீட்டு வழக்கறிஞர் என்றதும் நீதிமன்றத்தில் வாதாடுகிறவர் நினைவுக்கு வருவார். உண்மையில் வேலையின் பெரும்பகுதி ஊரிலும் நூலகத்திலும் நடக்கிறது. தமிழ்நாட்டின் பல பொருட்களுக்கு விண்ணப்பங்களை முன்னின்று கொண்டுபோன வழக்கறிஞர் ப. சஞ்சய் காந்தி போன்றவர்களின் பணி இந்த வகைதான். ஒரு விண்ணப்பம் ஏறக்குறைய இந்த வரிசையில் நகரும்:

1. விண்ணப்பிக்க ஓர் அமைப்பு. தனி மனிதர் தனக்காகக் கேட்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ, அரசு அமைப்போ கேட்க வேண்டும். அது உற்பத்தியாளர்களின் நலனைத்தான் பிரதிநிதித்துவம் செய்கிறது என்றும் காட்ட வேண்டும்.

2. வரலாற்றுச் சான்று. கெசட்டியர் எனும் பழைய மாவட்ட விவரச்சுவடிகள் (தஞ்சைக்கு ஹெமிங்வே தொகுத்த 1906-ஆம் ஆண்டுச் சுவடி இருக்கிறது), கோயில் ஆவணங்கள், பழைய செய்தித்தாள்கள், ஏற்றுமதி ரசீதுகள். ‘எங்க தாத்தா காலத்துலேர்ந்து’ என்ற பேச்சைக் காகிதமாக்குவதுதான் இங்கே வேலை.

3. தனித்தன்மை. வெற்றிலை என்றால் மண், நீர், இலையின் காரம், நிறம், வாடாமல் தாங்கும் நாள். நாகஸ்வரம் என்றால் ஆச்சா மரம், துளைகளின் அளவு, சுருதி. மரத்தைப் பல ஆண்டு உலர வைப்பார்கள், பழைய வீடுகளின் உத்திரத்தைக்கூட இதற்காகத் தேடி வாங்குவார்கள். நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர், நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்து தந்த பாரி (நீளமான வகை) நாகஸ்வரத்தின் கதை, இசை வரலாறு மட்டுமல்ல. ஒரு கருவியின் அளவு ஓர் ஊரில் எப்படி உருவானது என்பதற்கு அதுவே சான்று.

4. வரைபடம். எந்தெந்த ஊர்கள் எல்லைக்குள் வரும் என்று கோடு போடுவது.

5. தரச் சோதனை ஏற்பாடு. பெயரைப் பயன்படுத்துகிறவர்கள் சொன்ன தரத்தில்தான் செய்கிறார்களா என்று யார் பார்ப்பது?

6. பதிவகத்தில் விசாரணை. துறை வல்லுநர் குழு கேள்வி கேட்கும். பதில் திருப்தியாக இருந்தால் பதிவக இதழில் விளம்பரம் வரும். ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம், கேட்டால் இன்னும் ஒரு மாதம் வரை. ஆட்சேபம் இல்லாவிட்டால் பதிவு.

இதில் நான்காவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் போடும் கோடு காகிதத்தில் மெல்லியதாக இருக்கும், வாழ்க்கையில் அப்படி இருக்காது. ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கக் கொடிக்கால் உள்ளே, அந்தப் பக்கக் கொடிக்கால் வெளியே என்று ஆகிவிட்டால், ஒரே சந்தைக்கு ஒரே வண்டியில் இலை அனுப்பிய இரண்டு குடும்பங்களில் ஒன்று பெயரை இழக்கிறது. கோட்டை அகலமாக இழுத்தால் மண்ணின் காரணம் பொய்யாகிறது. தரக் குறிப்பும் இப்படித்தான். மெழுகு வார்ப்பு மட்டும் என்று எழுதினால் வேறு முறையில் செய்கிறவர் வெளியே போகிறார். எழுதாவிட்டால் அச்சில் குவியலாக வார்த்த சிலையும் உள்ளே வருகிறது. ஆகவே எல்லையையும் தரத்தையும் முடிவு செய்யும் கூட்டத்தில் விவசாயிகளும் பத்தர்களும் நெசவாளர்களும் நேரில் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பத்தை நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து முடித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஊருக்கு வருவது சரியான வழியல்ல.

பதிவு உரிமையாளர் வேறு, பயன்பாட்டாளர் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

சான்றிதழ் யார் பெயரில் வருகிறதோ அவர் பதிவு உரிமையாளர். திருபுவனத்தில் அது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். கைவினைப் பொருட்கள் பலவற்றுக்கு பூம்புகார் என்று நாம் அறியும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம். ஆனால் அந்தப் பெயரைப் பொருளின் மேல் போடும் தனி உரிமை, சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் என்று தனியாகப் பதிவு செய்துகொண்டவருக்கே. எல்லைக்குள் மூன்று தலைமுறையாகத் தொழில் செய்கிறார் என்பதற்காக ஒருவர் தானாகவே பயன்பாட்டாளர் ஆகிவிடுவதில்லை. பதிவேட்டின் இரண்டாம் பாகத்தில் அவர் பெயர் ஏற வேண்டும்.

ஊர்ப் பெயருக்குக் குறியீடு கிடைத்த அன்று மாலை போட்டுக் கொண்டாடுகிறோம். அடுத்த நாள் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டிய பதிவை மறந்துவிடுகிறோம். விளைவு என்ன?

1. போலியை எதிர்த்து நடவடிக்கை எடுக்கும் உரிமையைச் சட்டம் பதிவு உரிமையாளருக்கும் பதிவு பெற்ற பயன்பாட்டாளருக்கும்தான் தருகிறது. பதிவு செய்யாத விவசாயி இதில் வெளியாள்.

2. ‘உற்பத்தியாளர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் விரிவானது. விளைவிக்கிறவர், நெய்கிறவர், வார்க்கிறவர் மட்டுமல்ல, அந்தப் பொருளில் வியாபாரம் செய்கிறவரும் அதில் அடக்கம். அதாவது மொத்த வியாபாரியும் பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கொடிக்கால்காரர் பதிவு செய்யவில்லை, அவரிடம் இலை வாங்கும் வியாபாரி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் குறியீட்டை ஒட்டிக் கூடுதல் விலைக்கு விற்கும் உரிமை வியாபாரியிடம் இருக்கிறது. அதிகாலையில் இலை கிள்ளியவருக்குப் பழைய விலைதான். இதில் சட்டத்தை மீறியவர் யாரும் இல்லை. வியாபாரியைத் திட்டவும் முடியாது, அவர் தனக்குள்ள வழியைப் பயன்படுத்திக்கொண்டார். விவசாயிக்கும் அதே வழி திறந்துதான் கிடக்கிறது என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வழியும் இப்போது எளிதாகியிருக்கிறது. முன்பு பயன்பாட்டாளராக விண்ணப்பிக்க 500 ரூபாய், பதிவு உரிமையாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். 2020-ல் விதிகளைத் திருத்தினார்கள். கட்டணம் 10 ரூபாயானது. உற்பத்தியாளர் தானே விண்ணப்பித்து, ஒரு நகலைப் பதிவு உரிமையாளருக்கு அனுப்பினால் போதும் என்றானது. பத்து ரூபாய்! சங்கத்தின் தயவுக்குக் காத்திருந்த ஒருவருக்கு இந்தத் திருத்தம் எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும்.

பயன்பாட்டாளர் இறந்துவிட்டால் அந்த உரிமை அவருடைய வாரிசுக்குப் போகும். விற்க முடியாத உரிமைக்குச் சட்டம் அனுமதிக்கும் ஒரே கைமாற்றம் இதுதான்.

எது மீறல், எது மீறல் இல்லை?

அன்றாடம் எழும் சில கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

1. சென்னைக் கடைக்காரர். எல்லைக்குள் விளைந்த வெற்றிலையை முறையாக வாங்கி அதே பெயரில் விற்றால் மீறல் இல்லை. சந்தைக்கு வந்த பிறகு பொருளின் தரத்தைக் கெடுத்து விற்றால்தான் சிக்கல். வேறு மாவட்ட இலையை இந்தப் பெயரில் விற்றால் அது மீறல். வேண்டுமென்றே பொய்யான குறியீடு போட்டு விற்பது குற்றமும்கூட. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2. வேறு ஊரில் கும்பகோணக் கொடி. கொடியை வெட்டிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் நடலாம். குறியீடு பெயரைத்தான் காக்கிறது, செடியை அல்ல. ஆத்தூர் வெற்றிலையும் சோழவந்தான் வெற்றிலையும் தத்தம் பெயரில் பதிவானவை. ஒன்றுக்கொன்று பகை இல்லை.

3. பெங்களூரில் வரைந்த தஞ்சாவூர் ஓவியம். நாடு முழுவதும் தஞ்சாவூர் ஓவிய வகுப்புகள் நடக்கின்றன. கற்றுக்கொள்வதையோ வரைவதையோ யாரும் தடுக்க முடியாது. தஞ்சாவூரில் செய்தது என்று வாங்குகிறவர் நம்பும்படி விற்றால்தான் பிரச்சினை. ‘தஞ்சாவூர்ப் பாணி’ என்று போட்டால்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘பாணி’, ‘வகை’, ‘போல’ என்று சேர்த்துத் தப்பிப்பதையும் தடுக்கும் கூடுதல் பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. ஆனால் மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்த பொருட்களுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு, வாங்குபவர் ஏமாறக்கூடும் என்று நிரூபித்தாக வேண்டும்.

4. பொருளே வேறு என்றால்? கொல்கத்தா ஹோட்டல் ஒன்று தன் கூடத்துக்கு டார்ஜிலிங் லவுஞ்ச் என்று பெயர் வைத்தது. தேயிலை வாரியம் வழக்குப் போட்டது. குறியீட்டு உரிமை பதிவான பொருளுக்குத்தான், தேயிலைக்கான பதிவை வைத்துக்கொண்டு கூடத்தின் பெயரைத் தடுக்க முடியாது என்ற திசையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2019-ல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் போக்கில் பார்த்தால், நாளை யாராவது ஓர் உணவகத்துக்குச் ‘சுவாமிமலை’ என்று பெயர் வைத்தால் சிலைக்கான குறியீட்டைக் காட்டித் தடுக்க இயலாது.

5. பொதுச்சொல். கலம்காரி என்ற சொல் யாருக்கும் தனிச் சொத்தில்லை. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி, மசூலிப்பட்டினம் இரண்டும் தத்தம் கலம்காரியைப் பதிவு செய்திருக்கின்றன. தமிழ்நாட்டின் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலைஞர்களின் பதிவு ‘கருப்பூர்’ சேர்ந்த பெயருக்கு. ரசகுல்லாவுக்கு மேற்கு வங்கமும் ஒடிசாவும் சண்டை போட்ட கதையும் இப்படித்தான் முடிந்தது: 2017-ல் ஒன்று, 2019-ல் மற்றொன்று என இரண்டுக்கும் தனித்தனிப் பெயரில் பதிவு.

பொதுச்சொல் என்றதும் கும்பகோணம் டிகிரி காபியைச் சொல்லாமல் போக முடியாது. நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலை அந்தப் பலகையும் பித்தளை டபராவும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குக் குறியீடு கேட்டால் பதிவகம் கேட்கக்கூடிய கேள்வி இதுதான்: ‘இந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் கும்பகோணத்தில் தயாரான ஒரு பொருளை நினைக்கிறார்களா, அல்லது கறந்த பாலில் போட்ட கெட்டியான ஃபில்டர் காபி என்ற ஒரு வகையை நினைக்கிறார்களா?’ ஓர் ஊர்ப் பெயர் தன் ஊரை மறந்து பொருள் வகையின் பெயராகிவிட்டால் சட்டம் அதைப் பதிவு செய்யாது. வெற்றிலைக்கும் பட்டுக்கும் இப்போதே காவல் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த ஆபத்துதான். தட்டிக் கேட்க ஆளில்லாமல் நாற்பது ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்திய பெயரைப் பிறகு மீட்பது மிகவும் கடினம்.

வெளிநாட்டு விற்பனைக்கு ஒரு சொல். இந்தியப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ போலித் தலையாட்டி பொம்மையைத் தடுக்க வேண்டுமானால் அந்தந்த நாட்டுச் சட்டப்படி அங்கே உரிமை தேட வேண்டும். டார்ஜிலிங் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ல் தனியாகப் பதிவு வாங்கினார்கள்.

நெல்லுக்கு வேறு சட்டம்

டெல்டாவில் புவிசார் குறியீடு பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பேச்சு நெல்லுக்கு வந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், குழியடிச்சான் என்று மீட்டெடுத்த பாரம்பரிய ரகங்களை ஏதாவது கம்பெனி தன் பெயரில் பதிவு செய்துகொள்ளுமா என்ற பயம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வாங்கிய விதையை இரண்டு மடங்காகத் திருப்பித் தரச் சொல்லி விதை பரப்பிய நெல் ஜெயராமனின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது.

பயிர் ரகங்களுக்கான சட்டம் 2001-ல் வந்தது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். பெயரிலேயே விவசாயிகள் உரிமையைச் சேர்த்த சட்டம். அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. புது ரகத்தை உருவாக்கியவர் பதிவு செய்தால், நெல் போன்ற பயிருக்கு 15 ஆண்டு வரையும் மரம், கொடி வகைகளுக்கு 18 ஆண்டு வரையும் உரிமை.

2. விவசாயிகள் தாங்கள் பேணிவந்த ரகத்தையும் பதிவு செய்யலாம். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

3. 39-வது பிரிவு: பதிவான ரகமாக இருந்தாலும் விவசாயி தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்ட பையில் விற்பது மட்டும் கூடாது.

4. 42-வது பிரிவு: இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் மீறிவிட்ட விவசாயியைத் தண்டிக்கக் கூடாது.

இந்தப் பிரிவுகள் காகிதத்தில் மட்டும் இருக்கின்றனவா என்ற கேள்வி 2019-ல் குஜராத்தில் வந்தது. தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழ, அந்த ஆண்டு மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் பயிர் ரக ஆணையம் அந்தப் பதிவையே ரத்து செய்தது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ரத்தை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. பதிவு செல்லுமா செல்லாதா என்பதில் நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்புச் சொன்னாலும், 39-வது பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. குஜராத் விவசாயி சார்பில் எடுத்துக் காட்டிய அதே வரிகள் மன்னார்குடி விவசாயிக்கும் உண்டு. பாரம்பரிய விதையைப் பரிமாறிக்கொள்ளும் திருவிழாக்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வழக்கு என்று வந்தால்

புவிசார் குறியீட்டு மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே தொடுக்க முடியாது. தடையுத்தரவு கேட்கலாம். இழப்பீடு கேட்கலாம், அல்லது போலியால் எதிராளி சம்பாதித்த லாபத்தைக் கணக்குக் காட்டித் தரச் சொல்லலாம். பதிவகத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முன்பு தனித் தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள், அந்த வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தத் துறைக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு இது நல்ல காலம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காப்புரிமை முகவராக வேண்டுமென்றால் சட்டப் படிப்பு போதாது. அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும், அதற்கான தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். புவிசார் குறியீட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஊர் தெரிந்த, மண் தெரிந்த கும்பகோணத்து வழக்கறிஞர் ஒருவர் இதைத் தன் ஊரிலிருந்தே செய்யலாம்.

கொடிக்காலிலிருந்து பதிவேடு வரை

உற்பத்தியாளர் ஒருவர் இன்றைக்கே செய்யக்கூடியவை:

1. பதிவகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பொருளின் விண்ணப்பம், தரக் குறிப்பு, எல்லை ஆகியவற்றைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். முதலில் உங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கிறதா, உங்கள் செய்முறை தரக் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2. நீங்கள்தான் உற்பத்தியாளர் என்பதற்கான ஆதாரங்களைத் திரட்டுங்கள். கொடிக்கால் என்றால் அடங்கல் (கிராமத்தின் நிலம், பயிர் விவரப் பதிவு), குத்தகை என்றால் குத்தகைச் சீட்டு. கைவினைஞர் என்றால் அடையாள அட்டை, சங்க உறுப்பினர் சீட்டு.

3. பயன்பாட்டாளர் விண்ணப்பத்தைத் தனியாகப் போடுவதைவிட ஒரு தெருவாக, ஒரு சங்கமாகச் சேர்ந்து போடுவது நல்லது. ஒருவருக்குப் படிவம் நிரப்பும் உழைப்பிலேயே இன்னும் இருபது பேருக்கும் முடித்துவிடலாம்.

4. புதுப்பிப்புத் தேதியைக் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். 10 ஆண்டு என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு, சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பயன்பாட்டாளரின் பதிவும் மூலப் பதிவு காலாவதியானால் அதோடு முடிந்துவிடும். அதனால் புதுப்பிக்க வேண்டிய சங்கமோ கழகமோ புதுப்பித்துவிட்டதா என்று கேட்கும் உரிமை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு.